இடதுகைக்காரருக்கு ஏற்ற வேட்டை ரைபிள்: தேடத் தொடங்குவோருக்கு ஒரு விளக்கம்

கனடாவிலோ அமெரிக்காவிலோ ஒரு துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தால், சுவரோரம் வேட்டை ரைபிள்கள் வரிசையாக நிற்கும். அநேகமாக எல்லாவற்றிலும் தோட்டா ஏற்ற இழுக்கும் கைப்பிடி வலது பக்கம்தான் நீட்டிக்கொண்டிருக்கும். இடதுகைப் பழக்கம் உள்ளவர் கேட்டால், கடைக்காரர் உள்ளே போய் ஒன்றோ இரண்டோ எடுத்து வருவார். இல்லையென்றால், "வலதுகை ரைபிளையே வாங்குங்கள், போகப் போகப் பழகிவிடும்" என்பார். அதைக் கேட்டுக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். உலகில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடதுகைக்காரர். அவர்களுக்கென்றே செய்யப்பட்ட நல்ல ரைபிள்கள் இருக்கின்றன. எதைத் தேடுவது என்று தெரிந்தால் கிடைத்துவிடும்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரை கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் முறையாக உரிமம் எடுத்து, மான் வேட்டைக்குப் போகத் தொடங்கியிருப்பவர்களுக்கானது. துப்பாக்கியைப் பற்றி எதுவுமே தெரியாதவருக்கும் புரியவேண்டும் என்பதால் அடிப்படையிலிருந்தே போகலாம்.

போல்ட் எப்படி வேலை செய்கிறது?

மான் வேட்டையில் அதிகம் புழங்குவது போல்ட் ரைபிள். இதில் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும், சுட்டவரே கையால் காலி உறையை வெளியே எடுத்து அடுத்த தோட்டாவை உள்ளே தள்ள வேண்டும். போல்ட் என்பது கதவுத் தாழ்ப்பாள் மாதிரிதான்: கைப்பிடியைத் தூக்கினால் பூட்டு விடும், பின்னால் இழுத்தால் திறக்கும், முன்னால் தள்ளிக் கீழே இறக்கினால் பூட்டிக்கொள்ளும்.

வலதுகைக்காரர் சுடுவதைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். ரைபிளின் அடிக்கட்டை வலது தோளில். கன்னம் கட்டையின் இடது பக்கமாகச் சாய்ந்து, வலது கண் ஸ்கோப்புக்கு, அதாவது ரைபிளின் மேல் மாட்டிய குறிபார்க்கும் தொலைநோக்கிக்கு, நேரே நிற்கிறது. இடது கை முன்பக்கத்தைத் தாங்குகிறது. வலது ஆள்காட்டி விரல் விசையை அழுத்துகிறது. குண்டு போனதும் அதே வலது கை விசையை விட்டு அரையடி மேலே போய்க் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்கிவிட்டு மீண்டும் விசைக்கு வந்துவிடுகிறது. இவ்வளவும் நடக்கும்போது தாங்கும் கை அசையவில்லை, கன்னம் எழவில்லை, கண் ஸ்கோப்பை விட்டு விலகவில்லை. மான் எந்தப் பக்கம் ஓடியது, விழுந்ததா, நின்று பார்க்கிறதா என்பதெல்லாம் அவர் கண்ணிலேயே இருக்கிறது.

இதே ரைபிளை இடதுகைக்காரர் இடது தோளில் வைத்தால் என்ன ஆகும்? விசையில் இருப்பது இடது கை. போல்ட் கைப்பிடியோ எதிர்ப்புறம். அவருக்கு இரண்டே வழிகள். ஒன்று, முன்பக்கத்தைத் தாங்கும் வலது கையை எடுத்துப் பின்னால் கொண்டுவந்து போல்டை இயக்க வேண்டும். அப்போது ரைபிளின் முன்பாரம் கீழே சாயும், குறி தப்பிவிடும். இரண்டு, இடது கையை ஸ்கோப்பின் மேலாகவோ பின்னாலோ வளைத்து மறுபக்கம் கொண்டுபோக வேண்டும். அதற்குத் தலையைத் தூக்கியே ஆகவேண்டும். எந்த வழியில் போனாலும் ஸ்கோப்புக்குள் தெரிந்த மான் காணாமல் போகும். திரும்பத் தேடிப் பிடிப்பதற்குள் அது புதருக்குள் மறைந்திருக்கும்.

இடதுகை ரைபிளுக்காகக் கொஞ்சம் அலைவதில் தவறில்லை என்று நான் சொல்வது இந்த இரண்டாவது குண்டுக்காகத்தான். முதல் குண்டு சரியான இடத்தில் படாமல் போவது அனுபவசாலிக்கும் நேரும். அப்போது காயம்பட்ட விலங்கை உடனே வீழ்த்த வேண்டியது வேட்டைக்காரரின் கடமை. சில நொடிகள் தாமதித்தால் அது காயத்தோடு காட்டுக்குள் ஓடி, மணிக்கணக்கில் துடித்துச் சாகக்கூடும். சுடுதளத்தில் காகித இலக்கைச் சுடும்போது "பழகிவிடும்" என்ற பேச்சு எடுபடும். அங்கே யாரும் ஓடுவதில்லை. காட்டில் அது செல்லாது.

மேசையில் மணல் மூட்டையோ இரண்டு கால் தாங்கியோ வைத்துச் சுடுபவர்களுக்கு இது பொருந்தாது. ரைபிள் தானாகவே நிற்பதால், தாங்கும் கை சும்மா இருக்கிறது. அவர்களில் சிலர் வேண்டுமென்றே எதிர்க்கைப் போல்டைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு கை விசையிலேயே இருக்க, மறு கை போல்டையும் தோட்டாவையும் கவனித்துக்கொள்ளும். துல்லியப் போட்டிகளில் அப்படியொரு பழக்கமே உண்டு. தோளில் தூக்கிச் சுடும் வேட்டைக்கு அந்த வசதி கிடையாது.

முதலில் கண்ணைச் சோதியுங்கள்

இடதுகை ரைபிள் வேண்டுமா என்பதைக் கை மட்டும் தீர்மானிப்பதில்லை. நம் இரு கண்களில் ஒன்றைத்தான் மூளை தலைமைக் கண்ணாக எடுத்துக்கொள்கிறது. மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு அது இடது கண். அதாவது வலதுகைக்காரர்கள் பலருக்கும் இடது கண்ணே தலைமை.

சோதிப்பது எளிது. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகள் வெளியே பார்க்க, கட்டைவிரல்களும் ஆள்காட்டி விரல்களும் சேர்ந்து நடுவில் சிறு முக்கோண ஓட்டை வருமாறு வையுங்கள். இரு கண்களையும் திறந்தபடி, தூரத்தில் உள்ள ஒரு கடிகாரத்தையோ மரத்தின் உச்சியையோ அந்த ஓட்டைக்குள் கொண்டுவாருங்கள். இப்போது ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றதை. எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது கடிகாரம் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ, அதுவே தலைமைக் கண். ஒரு தடவையோடு நம்பிவிடாமல் சில தடவை செய்து பாருங்கள்.

நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் முக்கியம். இடது கையால் சாப்பிட்டால் அதட்டி, எழுதினால் பென்சிலைப் பிடுங்கி வலது கையில் திணித்து வளர்த்த தலைமுறைகள் நம்மிடம் உண்டு. அப்படி வளர்ந்தவர் இன்று வலது கையால் எழுதுவார், சாப்பிடுவார். ஆனால் பந்து எறிவதும் சுத்தியல் பிடிப்பதும் இடது கையாகவே இருக்கும். அவரைக் கேட்டால் "நான் வலதுகைதான்" என்று சொல்லிவிடுவார். துப்பாக்கியைத் தோளில் தூக்கும்போதுதான் உடம்பு உண்மையைச் சொல்லும். ஆகவே பேனா பிடிக்கும் கையை வைத்து முடிவெடுக்காதீர்கள். எந்தக் கையால் எறிகிறீர்கள், எந்தத் தோளில் வைக்கும்போது இயல்பாக இருக்கிறது, எந்தக் கண் தலைமை என்று மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

கையும் கண்ணும் இடதாக இருந்தால் குழப்பமே இல்லை. கை வலது, கண் இடது என்றால்? பறக்கும் பறவையை ஷாட்கன்னால் (சிறு ரவைகளைச் சிதறவிடும் துப்பாக்கி) சுடுபவர் இரு கண்களையும் திறந்து வைத்திருக்க வேண்டும்; அங்கே தலைமைக் கண்ணுள்ள பக்கத்துத் தோளுக்கு மாறிவிடுவதே நல்லது. ஸ்கோப் வைத்த ரைபிளில் ஒரு கண்தான் பார்க்கிறது, எனவே வலது தோளிலேயே சுட்டுச் சமாளித்துவிடலாம். புதிதாகத் தொடங்குபவராக இருந்தால் என் யோசனை வேறு: இன்னும் எந்தப் பழக்கமும் ஊறவில்லை, எனவே தலைமைக் கண் பக்கமே தொடங்குங்கள். இருபது வருடம் வலது தோளில் சுட்டவரிடம் இதை நான் சொல்ல மாட்டேன்.

போல்ட் மட்டும்தானா?

பக்கம் பார்த்துச் செய்யப்பட்ட பாகங்கள் ஒரு ரைபிளில் இன்னும் சில உண்டு. கைப்பிடிக்கு அடுத்தது, காலி உறை வெளியே வரும் வாய். வலதுகை ரைபிளில் அது வலது பக்கம் இருக்கும். இடது தோளில் வைத்துச் சுடுபவரின் முகமும் அதே பக்கம்தான் இருக்கிறது. போல்ட் ரைபிளில் உறையை நாமே மெதுவாக இழுப்பதால் பெரிய தொல்லையில்லை. தானே உறையைத் துப்பும் அரைத் தானியங்கி ரைபிளில் சூடான பித்தளை உறை கண்ணெதிரே பறக்கும். அரிதாகத் தோட்டா உறை உள்ளேயே வெடித்துக் கிழிந்தால், சூடான வாயு வெளியேறும் வழிகளில் அந்த வாயும் ஒன்று. எந்தக் கைக்காரராக இருந்தாலும் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுடாதீர்கள். வலதுகை ரைபிளை இடது தோளில் வைப்பவருக்கு அது இரட்டிப்பு அவசியம்.

இந்த முகப் பக்கச் சிக்கல் ராணுவங்களையும் விட்டுவைக்கவில்லை. பிரிட்டன் ராணுவம் 1980களில் கொண்டுவந்த எஸ்ஏ80 துப்பாக்கியில், உறை வெளியேறும் வாய் விசைக்கும் பின்னால், சுடுபவரின் முகத்தருகே வருகிறது. அதனால் இடதுகைச் சிப்பாய்களும் வலது தோளில் சுடவே பயிற்றுவிக்கப்படுகிறார்கள். ராணுவம் கட்டளையிடலாம். சொந்தக் காசில் வாங்கும் வேட்டைக்காரர் அப்படிப் பணிந்துபோக வேண்டியதில்லை.

அடுத்தது சேஃப்டி. விசை தவறி அழுந்தினாலும் சுடாமல் தடுக்கும் சிறு பொத்தான் அல்லது நெம்பு அது. ரெமிங்டன் 700 என்ற போல்ட் ரைபிளில் போல்டுக்குப் பின்னால் வலது பக்கமாக இருக்கிறது. வின்செஸ்டர் 70இல் போல்டின் பின்முனையில் வலது பக்கம் இருக்கிறது. இரண்டும் வலது கட்டைவிரலுக்கு எட்டும்படி வைத்தவை. பல அரைத் தானியங்கிகளில் விசைக்குப் பின்னால் குறுக்கே தள்ளும் பொத்தானாக இருக்கும். வலது ஆள்காட்டி விரல் அதை வலமிருந்து இடமாகத் தள்ளும். இடது கைக்கு இவையெல்லாம் ஏடாகூடம். மான் முப்பது கெஜத்தில் நிற்கும்போது சேஃப்டியைத் தடவிக்கொண்டிருக்கக் கூடாது.

இதற்கு ஒரு நல்ல தீர்வு ஏற்கெனவே இருக்கிறது: கட்டையின் கழுத்துக்கு மேலே, நடுக்கோட்டில் வைத்த சேஃப்டி. எந்தக் கட்டைவிரலும் நேராக முன்னே தள்ளலாம். சாவேஜ் 110, ரூகர் அமெரிக்கன், பிரௌனிங் எக்ஸ்-போல்ட் மூன்றிலும் சேஃப்டி இப்படித்தான் இருக்கிறது. வீட்டில் வலதுகைக்காரரும் இடதுகைக்காரரும் மாறி மாறி ரைபிளைத் தொடுவார்கள் என்றால், நடுச் சேஃப்டிக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

கடைசியாக அடிக்கட்டை. சில கட்டைகளில் கன்னம் சாய்க்க ஒரு பக்கம் மட்டும் மேடு வைத்திருப்பார்கள். வலதுகைக் கட்டையில் அது இடது பக்கம். சில கட்டைகளில் பிடியில் உள்ளங்கைக்கென ஒரு பக்கம் புடைத்திருக்கும். ஐரோப்பியக் கட்டைகள் சில, கண் நேர்கோட்டுக்கு வருவதற்காக லேசாக ஒரு பக்கம் வளைந்தே வரும். இடதுகைக்காரருக்கு இவையெல்லாம் எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் கட்டைகள்தான் இன்றைக்குப் பரவலாக வருகின்றன என்பதால் இது முன்பு போல் பெரிய தலைவலி இல்லை.

கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிச் செய்த ரைபிள்கள்

உண்மையான இடதுகை போல்ட் ரைபிள் என்றால் கைப்பிடி, வாய், சேஃப்டி எல்லாமே இடவலம் மாறியிருக்க வேண்டும். இதற்கு உற்பத்தியாளர் ரைபிளின் உலோக உடலையே தனியாகச் செய்ய வேண்டும். வாங்குபவர் பத்தில் ஒருவர்தான் என்பதால் நெடுங்காலம் யாரும் அதற்கு முன்வரவில்லை. அந்தக் காலத்து இடதுகைக்காரர்கள் துப்பாக்கிப் பட்டறைக்காரரிடம் கொடுத்துக் கைப்பிடியை மாற்றி வைத்துக்கொண்டார்கள், அல்லது போல்டே வேண்டாம் என்று லிவர் ரைபிளுக்குப் போனார்கள் (அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்).

அதை மாற்றியது அமெரிக்காவின் சாவேஜ் நிறுவனம். 1958இல் வந்த அதன் 110 மாடலுக்குச் சில ஆண்டுகளுக்குள்ளேயே இடதுகை வடிவமும் வந்தது. தொழிற்சாலையில் பெருமளவில் தயாரான முதல் இடதுகை போல்ட் ரைபிள் என்று அதைத்தான் குறிப்பிடுவார்கள். விலை சாதாரண உழைப்பாளிக்கு எட்டும்படி இருந்ததும் முக்கியம். இன்றுவரை சாவேஜ் இடதுகைக்காரர்களைக் கைவிடவில்லை. சிறு விலங்குகளுக்கும் பயிற்சிக்குமான .22 ரகத்தில் மார்க் 2, குழந்தைகளுக்கான ராஸ்கல் என்ற குட்டி ரைபிள் இரண்டிலும் இடதுகை வடிவம் உண்டு. இடதுகைப் பிள்ளைக்கு முதல் துப்பாக்கி தேடும் பெற்றோர் இங்கேயே தொடங்கலாம்.

சாவேஜில் இன்னொரு வசதியைப் புதியவர்களிடம் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதன் குழல் ஒரு பெரிய நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். உரிய கருவிகளும் அளவு பார்க்கும் கேஜும் தெரிந்த ஒருவர் அந்த நட்டைக் கழற்றி வேறு குழல் மாட்டிவிடலாம். நீங்கள் விரும்பும் தோட்டா ரகம் இடதுகையில் வராவிட்டாலும், அடிப்பாகத்தின் அளவும் உடலின் நீளமும் பொருந்தும் வேறொரு ரகத்தில் இடதுகை ரைபிளை வாங்கிவிட்டுப் பிறகு குழலை மாற்றலாம். உதாரணமாக .243 வின்செஸ்டர், .308 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர் மூன்றும் ஒரே குட்டை உடலில் அடங்கும். அடிப்பாகத்தின் விட்டமும் ஒன்றே.

பின்லாந்தின் டிக்கா அடுத்த நல்ல தேர்வு. சாக்கோ நிறுவனம் தயாரிக்கும் டி3 2003இல் வந்தது, அதன் திருத்திய வடிவமான டி3எக்ஸ் 2016இல். பெரும்பாலான நிறுவனங்கள் குட்டைத் தோட்டாவுக்கு ஓர் உடல், நெட்டைத் தோட்டாவுக்கு இன்னோர் உடல் என்று செய்யும். டிக்கா எல்லாத் தோட்டாவுக்கும் ஒரே நீள உடலைத்தான் பயன்படுத்துகிறது. ஆகவே ஒரே ஓர் இடதுகை உடலைச் செய்தால் போதும், பல தோட்டா ரகங்களில் இடதுகை ரைபிள் வந்துவிடும். போல்ட் வழுக்கிக்கொண்டு ஓடுவதற்குப் பெயர் வாங்கியது டிக்கா. கடையில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், நான் ஏன் இதைத் தனியாகச் சொல்கிறேன் என்று விளங்கும்.

ரூகர் அமெரிக்கன் குறைந்த விலையில் வரும் நம்பகமான இடதுகை ரைபிள். பிரௌனிங் எக்ஸ்-போல்டிலும் இடதுகை வடிவங்கள் உண்டு. ஸ்பெயினின் பெர்காரா பி-14 வரிசையிலும் இருக்கின்றன. பெரிய விலங்குகளுக்கான வலுத்த தோட்டாக்களுக்குப் பேர்போன வெதர்பீ மார்க் 5இலும் இடதுகை வடிவம் பழையதே.

விலையில் உச்சத்தில் நிற்பது ஜெர்மனியின் பிளேசர் ஆர்8. அதன் போல்டைத் தூக்கவே வேண்டாம்; நேராக இழுத்து நேராகத் தள்ளினால் போதும். இடதுகை உடலும் போல்டும் தனியாகக் கிடைக்கும். குழல்களோ இரு கைக்கும் பொது. கணவன் வலது, மனைவி இடது என்றால் ஒரே குழல்களை இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். அழகான யோசனை என்றாலும் முதல் ரைபிளுக்கு இவ்வளவு செலவழிக்க யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

ஒன்றை மனதில் வையுங்கள். நிறுவனங்கள் இடதுகை ரைபிள்களை வருடம் முழுவதும் தொடர்ந்து செய்வதில்லை. ஒரு தொகுதி செய்வார்கள், அது தீர்ந்ததும் அடுத்ததுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பட்டியலில் பெயர் இருப்பதும் கடையில் பொருள் இருப்பதும் வேறு வேறு. வேட்டைப் பருவத்துக்கு ஒரு மாதம் முன்பு தேடப் போனால் கிடைத்ததை வாங்க வேண்டிய நிலை வரும். குளிர்காலம் முடிந்தவுடனே கடையில் சொல்லிவைத்துவிடுங்கள்.

பக்கமே பார்க்காத ரைபிள்கள்

இடதுகை ரைபிள் என்று பெயர் எழுதாமலேயே இடதுகைக்குப் பொருந்துபவையும் உண்டு. தேடும்போது இவற்றை மறந்துவிடுகிறார்கள்.

லிவர் ரைபிளில் விசைக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் காலி உறை வெளியேறி அடுத்த தோட்டா ஏறிவிடும். வளையம் நடுக்கோட்டில் இருப்பதால் இரண்டு கைக்கும் ஒன்றே. ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894 மாடலின் பழைய ரைபிள்களில் உறை மேல்நோக்கியே வெளியேறும். நடுவே ஸ்கோப் மாட்ட அது தடை என்றாலும், இரும்புக் குறிமுள்ளோடு அடர்ந்த காட்டில் சுடுபவருக்கு அருமையானது. 1948இல் வந்த மார்லின் 336இல் உறை வலப்பக்கம் வெளியேறும், அதனால் ஸ்கோப் தாராளமாக மாட்டலாம். லிவர் மெதுவாக இயங்குவதால் உறை முகத்தில் அடிக்கும் பயம் குறைவு.

இந்த இரண்டிலும் இடதுகைக்காரருக்கு ஒரு சின்ன ஆதாயம் ஒளிந்திருக்கிறது. தோட்டா திணிக்கும் கதவு ரைபிளின் வலது பக்கம் இருக்கிறது. இடதுகைக்காரர் பிடியில் இடது கையை வைத்தபடியே, சும்மா இருக்கும் வலது கையால் தோட்டாவை ஏற்றிக்கொள்ளலாம். வலதுகைக்காரருக்கு அந்த வசதி இல்லை. இவற்றின் வழக்கமான தோட்டாவான .30-30, நூற்றைம்பது கெஜத்துக்குள் வரும் மானுக்குப் போதும். அதைவிடத் தூரமும் நவீனத் தோட்டாவும் வேண்டுமென்றால் பிரௌனிங் பிஎல்ஆர் பார்க்கலாம். லிவர் வகையானாலும் .308 போன்ற தோட்டாக்களைப் பெட்டி மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் சிறு பெட்டி) ஏற்றிக்கொள்ளும்.

ஒற்றைத் தோட்டா ரைபிள்கள் இன்னும் எளிமை. நடுவில் கீலில் மடங்கித் திறக்கும் வகைகளில் போல்டும் இல்லை, பக்கவாட்டு வாயும் இல்லை. சிவிஏ ஸ்கௌட் இந்த வகையில் மலிவாகக் கிடைப்பது. 1960களில் வந்த ரூகர் நம்பர் 1 மடங்காது. கீழிருக்கும் லிவரைத் தள்ளினால் உள்ளிருக்கும் அடைப்பு கீழே இறங்கித் திறக்கும். சேஃப்டியும் நடுக்கோட்டில். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாத அழகு. ஆனால் ஒரே ஒரு குண்டுதான்; அடுத்ததைக் கையால் போட வேண்டும். இரண்டாவது குண்டைப் பற்றி மேலே அவ்வளவு எழுதிய பிறகு இதைச் சொல்லாமல் விட முடியாது: ஒற்றைத் தோட்டா ரைபிள், பொறுமையாகக் காத்து, உறுதியான குறி கிடைத்தால் மட்டும் சுடுபவருக்கானது.

அரைத் தானியங்கிகளைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஆஸ்திரேலியாவில் அவை சாதாரண வேட்டைக்காரருக்குக் கிடைக்காது. கனடாவிலும் 2020இலிருந்து பல மாடல்கள் தடைப்பட்டிருக்கின்றன. போல்டும் லிவரும் போதும்.

எந்தத் தோட்டா?

இடதுகைக்காரர் தோட்டா விஷயத்தில் கொஞ்சம் வளைந்துகொடுத்தால் தேடல் பாதியாகக் குறையும். எல்லா மாடலும் எல்லா ரகத்திலும் இடதுகையில் வராது. .308, .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட், .270 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர் ஆகிய பரவலான ரகங்களைத்தான் முதலில் செய்வார்கள். வட அமெரிக்க மானுக்கு இவற்றில் எதுவும் போதும். மூஸ் என்னும் பெரிய கடமானுக்கு .30-06 நன்றாகப் பொருந்தும். யாரோ புகழ்ந்தார்கள் என்று அரிய ரகம் ஒன்றைத் தேடி அலைவதைவிட, ரைபிள் கைக்குப் பொருந்துவதற்கு முன்னுரிமை கொடுங்கள். ஒரு ரகத்துக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் மானுக்குத் தெரியாது. போல்ட் எந்தப் பக்கம் என்பது உங்களுக்கு ஒவ்வொரு குண்டிலும் தெரியும்.

பழைய ரைபிள் வாங்கும்போது

இடதுகைக்காரருக்குப் பழைய சந்தை ஒரு புதையல். ரெமிங்டன் 700இன் இடதுகை வடிவங்கள் பல பத்தாண்டுகளாக விற்றவை. .270, .30-06, 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் ரகங்களில் அடிக்கடி கண்ணில் படும். விற்பவருக்கும் வாங்க ஆள் குறைவு என்பதால் பேரம் பேசலாம்.

ஒன்றைக் கட்டாயம் விசாரியுங்கள். 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை தயாரான எக்ஸ்-மார்க் புரோ விசை கொண்ட 700 ரைபிள்களை, விசையை அழுத்தாமலே வெடிக்கக்கூடும் என்ற காரணத்தால் ரெமிங்டன் 2014இல் திரும்ப அழைத்தது. கையில் வரும் ரைபிள் அந்தக் காலத்தது என்றால், விசை சரிசெய்யப்பட்டதற்கான அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விசையையே மாற்ற வேண்டும். டிம்னி, டிரிகர்டெக் போன்றோர் 700க்கு இடதுகை விசைகளைத் தனியாக விற்கிறார்கள். வலதுகை விசையை வாங்கிவிட்டால் சேஃப்டி தப்பான பக்கம் வந்து நிற்கும்.

கட்டையிலும் இதே கவனம் வேண்டும். போல்ட் கைப்பிடி இறங்குவதற்காகக் கட்டையில் ஒரு வெட்டு இருக்கும். இடதுகை உடலை வலதுகைக் கட்டையில் உட்காரவைக்க முடியாது. கட்டை உடைந்திருக்கிறது, வேறு மாட்டிக்கொள்ளலாம் என்று விற்பவர் சொன்னால், அந்த மாடலுக்கு இடதுகைக் கட்டை கிடைக்கிறதா என்று உறுதிசெய்த பிறகே காசு கொடுங்கள். ஸ்கோப்புக்கும் தோள்வாருக்கும் பக்கம் கிடையாது, அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

விளம்பரத்தின் படத்தையும் நம்பிவிடாதீர்கள். ஒரே படத்தை இரண்டு வடிவத்துக்கும் போட்டுவிடுவார்கள். சில நேரம் வலதுகைப் படம் கணினியில் இடவலம் மாறிப்போய் இடதுகை போலத் தெரியும். குழலிலோ உடலிலோ உள்ள எழுத்துகள் நேராக வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறித் தெரிந்தால் படம் திரும்பியிருக்கிறது. மாடல் எண்ணைக் கேட்டு வாங்கி, தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

சட்ட வேலைகள் நாட்டுக்கு நாடு மாறும். கனடாவில் பாதுகாப்புப் பயிற்சி முடித்துத் துப்பாக்கி உரிமம் எடுக்க வேண்டும். முதன்முறை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு. 2022 மே மாதத்திலிருந்து, சாதாரண வேட்டை ரைபிள் கைமாறும்போதும் விற்பவர் உங்கள் உரிமத்தைச் சரிபார்த்துக் குறிப்பு எண் பெற்றாக வேண்டும். அமெரிக்காவில் வேறு மாநிலத்தில் இருப்பவரிடம் வாங்கினால் அது உங்கள் ஊரின் உரிமம் பெற்ற கடைக்கு அனுப்பப்படும். அங்கே 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சரிபார்ப்பு முடிந்த பிறகே கைக்கு வரும். இடதுகைக்காரருக்கு இந்த வழி பெரிய உதவி, ஏனென்றால் உள்ளூர்க் கடையில் ஒன்றுமே இல்லாதபோது நாடு முழுவதும் தேடலாம். ஆஸ்திரேலியாவில் உரிமத்தோடு ஒவ்வொரு ரைபிளுக்கும் தனி வாங்கல் அனுமதி வேண்டும்.

கடையில் ரைபிளைக் கையில் வாங்கியதும், தோட்டா இல்லை என்று போல்டைத் திறந்து நீங்களே கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். கடைக்காரரின் அனுமதியோடு பாதுகாப்பான திசையில் நீட்டி, கண்களை மூடியபடி இடது தோளுக்குத் தூக்குங்கள். கண்ணைத் திறந்ததும் ஸ்கோப்பின் வட்டம் முழுவதும் தெளிவாகத் தெரிய வேண்டும். தலையை முன்னேயும் பின்னேயும் நகர்த்தித் தேட வேண்டியிருந்தால் கட்டையின் நீளமோ ஸ்கோப்பின் இடமோ உங்களுக்குப் பொருந்தவில்லை. வளர்ந்தவர்களுக்கான கட்டைகள் பெரும்பாலும் விசையிலிருந்து பின்முனைவரை பதின்மூன்றரை அங்குல வாக்கில் இருக்கும். நம்மில் உயரம் குறைந்தவர்களுக்கு அது நீளமாகப் படலாம். சிறுவர் அளவுக் கட்டையோ, நீளம் கூட்டிக் குறைக்கும் கட்டையோ கேட்டுப் பாருங்கள். பிறகு கன்னத்தை எடுக்காமலேயே போல்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்குங்கள். கைப்பிடி ஸ்கோப்பில் இடிக்கிறதா, விரல் நசுங்குகிறதா என்று கவனியுங்கள். கனடாவில் நவம்பர் குளிரில் போகப்போகிறீர்கள் என்றால், அன்று போடும் தடித்த அங்கியையும் கையுறையையும் கடைக்கே எடுத்துப் போய், போட்டுக்கொண்டு இதையெல்லாம் இன்னொருமுறை செய்யுங்கள். சட்டையோடு பொருந்திய கட்டை, அங்கியோடு ஓர் அங்குலம் நீளமாகிவிடும்.